தலைக்கட்டுக் கடல்

கடற்கரைக்குப் பஸ்ஸில் போவதென்றாலே பாதி வழியில் வயிற்றைப் பிரட்டுகிற அளவுக்குத் தள்ளிக் கிடக்கிற புளியம்பேட்டைக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கும் அதன் பின்னால் இருக்கிற கருவேலங்காட்டுக்கும் நடுவில், நேற்றுவரை ஒரு ஆடு நின்று திரும்ப இடமில்லாத சந்தில், ஒரு கல் வளைவும், வளைவுக்குள் ஒரு துறைமுகத் தெருவும், தெருவின் இரண்டு பக்கமும் பூட்டே இல்லாத சரக்குக் கிட்டங்கிகளும், ஏணிகளும், சிவப்புப் பீப்பாய்களும், தெருக்கோடியில் பாதி முங்கிய ஒரு கப்பலும், அதற்கப்பால் கண் கொள்ளாத தண்ணீரும் வந்து நின்றன. பால்காரர் மூக்காண்டிதான் முதலில் பார்த்தார். டீக்கடைக்கு வந்து, "கடலு வந்திருக்குவே" என்றார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "உப்புக் காத்து அடிக்குமே, கூரைத் தகரமெல்லாம் துருப்பிடிச்சுப் போகுமே" என்று கவலைப்பட்டார். ஊரில் வேறு யாரும் அதற்குமேல் துருவிக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தக் கடலுக்கு எல்லோரும் வரி கொடுத்திருந்தார்கள்.

வரி கொடுத்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பஸ் ஸ்டாண்டு மாடியில் பிரமசக்தி என்றொருத்தி கேம் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் குருசாமி துபாயிலிருந்து வரும்போது, எல்லோரும் நகையும் கம்பளியும் கொண்டுவர, அவன் மட்டும் டிவியில் மாட்டித் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிற கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து கடை போட்டு, கடை சூடுபிடித்த வருஷமே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். எல்லாத்தையும் விற்றுவிட்டு வீட்டோடு இரு என்று சொன்னவர்களுக்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பிரமசக்தி மறுமாசமே கடையைத் திறந்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் குனியும், எதை அமுக்கினால் குண்டு போடும் என்பதையெல்லாம் விளையாட வந்த பயல்களிடமே கேட்டுப் படித்து, கலர் சோடாவும் முறுக்கும் சேர்த்து விற்று, ஒரே மகள் ஆவுடையைக் காலேஜ் முடிக்க வைத்தாள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள் என்று ஊரில் அவளைக் கேலி பேசுவார்கள். பேசட்டுமே, அவள் பாட்டுக்குக் கட்டுவாள்.

அந்த வருஷம் முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, ஸ்லோ சைக்கிள் ரேஸ் எல்லாம் பழசாகிவிட்டது என்று வாலிபர் சங்கத்தார் துப்பாக்கி விளையாட்டில் போட்டி வைத்து, பக்கத்து ஊர் நல்லான்குளத்தையும் கூப்பிட்டார்கள். வந்த நல்லான்குளத்துப் பயல்கள், "துறைமுக மேப் உண்டா உங்ககிட்ட? அதுகூட இல்லாமயா எங்களக் கூப்பிட்டிய?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். துறைமுக மேப், அதாவது துப்பாக்கிச் சண்டை நடக்கிற துறைமுகத் தெரு, விளையாட்டோடு சேர்ந்து வருவதில்லை. விளையாட்டை முழுசாகத் துட்டு கொடுத்து வாங்கின பிறகும், அதைத் தனியாக, மறுபடி துட்டு கொடுத்து, வெளியூரிலிருந்து கம்பியில்லாமல் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஆள் வாங்கி இன்னொரு ஆளுக்குக் கொடுக்க முடியாது. வாங்காதவன் எத்தனை வருஷம் கூடவே விளையாடின சேக்காளியாக இருந்தாலும், அந்த மேப்புக்குள் கூட்டாளிகள் போகும்போது அவன் வெளியே நிற்க வேண்டியதுதான். கோயில் கமிட்டித் தலைவர் சங்கரவடிவேல் அண்ணாச்சி இதைக் கேட்டுக் கொதித்துப் போனார். "வீட்ட வித்துட்டு அடுப்பங்கரைக்குத் தனியா துட்டு கேப்பானாக்கும்! நல்லா இருக்குவே வியாபாரம்!" என்று கத்தினார். கத்தி முடித்தபின், நல்லான்குளத்துக்காரன் சிரித்தது ஞாபகம் வந்து, "எவ்வளவு ஆனாலும் வாங்குதோம்" என்றார்.

யார் யாருக்கு வாங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. என் பையனும்தான் விளையாடுவான் என்று ஒவ்வொரு வீடும் நின்றது, கைக்குழந்தை வைத்திருந்தவள்கூட என் பிள்ளை நாளைக்கு விளையாட மாட்டானா என்று கேட்டாள். அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார். கொடையில் கிடாக்கறியைக் கூறு போடுகிற மாதிரி, மேப்பையும் தலைக்கட்டுக்கு ஒன்றாக வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. கல்யாணமான ஒரு ஆம்பளை, அவன் பெண்டாட்டி, கல்யாணமாகாத பிள்ளைகள், இது ஒரு தலைக்கட்டு. புளியம்பேட்டையில் தார்ரோட்டிலிருந்து தண்ணீர்ப் பந்தல்வரை எல்லாக் கணக்கும் இப்படித்தான். முதல் கூறு ஆத்தாளுக்கு என்பது வழக்கம், ஆகையால் முதல் மேப்பை முப்பிடாதி அம்மன் பேரில் வாங்கினார்கள். பிறகு தலைக்கட்டு தலைக்கட்டாக வரி வசூலித்து, பிரமசக்தி கடையில் கொண்டுவந்து கொடுக்க, அவள் முழுப்பகலும் உட்கார்ந்து ஒவ்வொரு தலைக்கட்டின் பேரையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அந்த மேப்பை வாங்கி இறக்கினாள்.

ஆம்பளையில்லாத வீட்டில் வரி கேட்கக் கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கம்தான். பாவம், ஒத்தையில் கிடந்து பாடுபடுகிறவளிடம் போய் கை நீட்டுவதா என்று பெரிய மனசோடு செய்த ஏற்பாடு அது, அதில் ஊருக்கு ஒரு பெருமைகூட உண்டு. அதனால் பிரமசக்தியிடம் யாரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் இறக்கிக் கொடுத்தவளுக்கும் தனக்கென்று ஒன்று வேண்டுமே என்று தோன்றவில்லை. துப்பாக்கி விளையாட்டில் அவளுக்கு என்ன வேலை?

மறுநாள் காலையில்தான் கடல் வந்தது. ஊரே வளைவுக்குள் போவதைப் பார்த்து, அவளும் கடையைச் சாத்திவிட்டு ஆவுடையைக் கூட்டிக்கொண்டு ஆசையாகப் போனாள். அவள் கடல் பார்த்ததில்லை. குருசாமி கடலைத் தாண்டிப் போய்வந்தவன், வருஷாவருஷம் கூட்டிப் போகிறேன் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டான். வளைவுக்குக் கீழே காலை வைத்தவள் மூக்கில் என்னமோ இடித்தது. கை நீட்டினால் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கை அதற்கப்பால் போகவில்லை. ஆவுடைக்கும் போகவில்லை. உள்ளே நின்ற பொம்பளைகள் தலையை வெளியே நீட்டி, "என்ன மைனி, அங்கனயே நின்னுட்டிய? வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியாக விஷயம் விளங்கி, ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அண்ணாச்சி வெளியே ஓடிவந்து, "நாங்க உன்னைய விலக்கி வைக்கணும்னு செய்யலம்மா, பாவமேன்னுதான் விட்டோம்" என்றார். அவர் சொன்னது நிஜம். பிரமசக்திக்கு அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

போட்டி நடந்தது, புளியம்பேட்டை தோற்றது, அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. ஆனால் தெரு நின்றுவிட்டது, ஊர் மெல்ல மெல்ல அதற்குள் குடியேறியது. அங்கே பொழுது எந்நேரமும் சாயங்காலம், சூரியன் கப்பலின் புகைக்குழாய்க்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நின்றது நின்றபடி நிற்கும், அதனால் வடகம் நன்றாகக் காய்ந்தது, பிள்ளைகளைத் தூங்க வைக்கத்தான் ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்ட வேண்டியிருந்தது. சுவர் சுவராகச் சாத்திக் கிடந்த துப்பாக்கிகளை எடுத்தால், எடுத்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. பொம்பளைகள் அவற்றைக் கொடிக்கம்புக்கும், பந்தற்காலுக்கும், கதவுக்கு முட்டுக் கொடுக்கவும் வைத்துக்கொண்டார்கள். ஒருதடவை மூக்காண்டி மேல் தவறுதலாகக் குண்டு பாய்ந்து, மனுஷன் விழுந்து, எல்லோரும் அய்யோ அம்மா என்று அலறி முடிப்பதற்குள், தெருவின் மறுகோடியிலிருந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அதன் பிறகு அவசரமாக மறுகோடிக்குப் போக வேண்டியவர்கள், "ஏல, ஒரு குண்டு போடேன்" என்று கேட்க ஆரம்பிக்க, இது நல்லாவா இருக்கு என்று அண்ணாச்சி கண்டித்து நிறுத்தினார். வானத்திலிருந்து அவ்வப்போது ஒரு வெள்ளைக்காரக் குரல் எதையோ அறிவிக்கும். மில் சங்குக்கு அடுப்பு மூட்டின ஊர், இந்தக் குரலுக்கும் மூட்டப் பழகிக்கொண்டது.

பிரமசக்தி தினமும் கடையடைத்துவிட்டு வளைவுக்கு வந்து நிற்பாள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துபோகலாம், தடை ஒன்றுமில்லை, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோனார்கள். அவள் தன் கையை அந்த ஒன்றுமில்லாததின்மேல் வைத்துக்கொண்டு, தெருக்கோடியில் தெரிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வளைவுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வெளியே வருவதில்லை, அலைச் சத்தமும் அவளுக்குக் கேட்காது. கண்ணுக்குத் தெரிகிற கடல் காதுக்குக் கேட்காமல் இருப்பது அவளுக்கு அழுகையாக வரும், ஆனால் ஆவுடைக்குத் தெரியாமல் துடைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவுடைக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை தளவாய், ஊர் அணிக்குக் கேப்டனாக இருந்து தோற்றவன், போர்வெல் வண்டியில் மெக்கானிக். விளையாட என்று கடைக்கு வந்து, விளையாட்டைப் பார்க்காமல் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆவுடையைப் பார்த்துப் பார்த்துத் திரையில் சுடுபட்டே செத்தவன் என்று சேக்காளிகள் அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். பையன் தங்கம், பிரமசக்திக்கு மனசு நிறைந்தது. ஆனால் தளவாய் வீட்டார் உள்ளே கப்பலுக்குப் பக்கத்துக் கிட்டங்கியில் குடியிருந்தார்கள். அவன் அம்மா ஜெயக்கொடி வந்து பாக்கு வெற்றிலை மாற்றும்போதே, "கல்யாணம் வளைவுல வச்சுக்கிடுவோம். தாலி ஏறின நிமிஷத்துல ஆவுடை எங்க வீட்டுப் பிள்ளையாயிருவா, உள்ள கூட்டிட்டுப் போயிருவோம். மேல் மச்சு அவங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன், ஜன்னலத் தொறந்தா கடலு" என்று சொன்னாள். சந்தோஷத்தில் சொன்னாளே தவிர, குத்திக்காட்டிச் சொல்லவில்லை.

அவர்கள் போனபின் ஆவுடை, "நீ எப்படிம்மா என் வீட்டுக்கு வருவ?" என்று கேட்டாள்.

"நீதான் வந்து வந்து போவியேட்டி."

"நான் வாரது இருக்கட்டும். எனக்குக் காய்ச்சல்னா நீ எப்படி வருவ? என் பிள்ளைய உன் மடியில போட்டு யாரு குளிப்பாட்டுவா?"

"எனக்கு உப்புக் காத்து ஆகாதுட்டி" என்றாள் பிரமசக்தி. அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது ஆவுடைக்குத் தெரியும். ஓவென்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராகக் கோயிலில் கூடியிருந்த கமிட்டிக்குப் போனாள்.

"பெரியப்பா, முதல் மேப்பு யாரு பேருல வாங்கினிய?" என்று அண்ணாச்சியிடம் கேட்டாள்.

"இது என்ன கேள்வி தாயி? ஆத்தா பேருலதான்."

"ஆத்தாளுக்குப் புருஷன் உண்டா?"

முப்பிடாதி வடக்கே பார்த்து ஒத்தையில் உட்கார்ந்திருக்கிற சாமி, அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிலை வைக்கிற தைரியம் எந்தக் காலத்திலும் எவனுக்கும் வந்ததில்லை.

"ஒத்தையில இருக்கிறவளுக்கு முதல் கூறு குடுத்தியள்ளா? எங்கம்மாவும் ஒத்தையிலதான இருக்கா. அவகிட்ட ஏன் வரி வாங்கல?"

அண்ணாச்சி கெட்ட மனுஷன் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான் தாயி. எங்க மூளைக்கு எட்டல" என்றார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கமிட்டியே கிளம்பி, பிரமசக்தி வீட்டு வாசலில் நின்று முதல்முறையாக வரி கேட்டது. பிரமசக்தி உள்ளே போய்த் துட்டு எடுத்துவர நேரமாயிற்று. கண்ணீரில் பீரோச் சாவியே தெரியவில்லை அவளுக்கு.

எல்லோருமாக மாடியேறிக் கடைக்குப் போய்ப் பெட்டியைப் போட்டார்கள். மேப் விற்கிற பக்கத்தில் துறைமுகத்தைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு புது விளையாட்டின் படம் இருந்தது. மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு, பிரமசக்தி அந்தக் கம்பெனிக்குப் போன் போட, ரொம்ப நேரம் பாட்டுப் பாடின பிறகு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

"மேடம், அந்த கேமுக்கு இனிமே எதுவும் விக்கிறதில்ல. ஏற்கெனவே வாங்கினவங்க வச்சுக்கலாம், புதுசா வாங்க முடியாது."

"ஒண்ணே ஒண்ணும்மா. ஒரே ஒரு தலைக்கட்டுக்கு."

"சாரி மேடம். புது கேம்ல பனிமலை மேப் வந்திருக்கு, அது வேணுமா?"

"பனிமலையா? வேட்டியக் கட்டிக்கிட்டு அங்க போயி என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி, பாவம், நிஜமாகவே யோசித்துவிட்டு. ஊருக்கு மனசு வந்தபோது கடைக்காரன் கடையை மூடிவிட்டான், இனி யாரோடு போய்ச் சண்டை போடுவது? வரித்துட்டைத் திரும்பக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை, திரும்ப வாங்க அவளுக்கும் மனசில்லை. அது ஆத்தா உண்டியலுக்குப் போயிற்று.

கல்யாணமே வேண்டாம் என்றாள் ஆவுடை. நான் வெளியே வந்து குடியிருக்கிறேன் என்றான் தளவாய். ஒரே மகன், போனால் விஷம் குடிப்பேன் என்றாள் ஜெயக்கொடி. கடைசியில் பிரமசக்திதான் மூன்று பேரையும் சமாதானம் பண்ணினாள். "எனக்குக் கிடைக்காதது எம்மகளுக்குக் கிடைக்கட்டுமே. ஜன்னலத் தொறந்தா கடலுங்காவ, அத எதுக்குட்டி எனக்காக விடணும்? நான் வளைவுல நின்னு பாத்துக்கிடுதேன், நீ மச்சுல நின்னு கையக் காட்டு" என்று மகள் தலையைக் கோதிக்கோதிச் சொல்லி, அவளைச் சம்மதிக்க வைத்தாள். சொன்ன வாயில் அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கடல் வந்தபின் ஊரில் நடக்கிற முதல் கல்யாணம் அது. பந்தல் பாதி வளைவுக்கு உள்ளே, பாதி வெளியே. உள்ளே மாப்பிள்ளை வீட்டாரும் உள்ளூர் மேளக்காரர்களும் ஊரும் சாயங்கால வெயிலில் கடற்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியே பகல் வெயில் மண்டையைப் பிளக்க, மணவறையில் ஐயரும், வெளியூரிலிருந்து வந்த பிரமசக்தியின் சொந்தக்காரர்களும் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார்கள். பிரமசக்தி வழக்கப்படி முன்னால் வராமல், பந்தற்காலுக்குப் பின்னால் நின்றாள். தளவாய் வெளியே வந்து மணையில் உட்கார்ந்தான். கெட்டிமேளம் வளைவுக்கு உள்ளிருந்து சத்தமில்லாமல் அடித்தது, மேளக்காரர்களின் கை ஆடுவதைப் பார்த்து வெளியே இருந்தவர்கள் அட்சதை போட்டார்கள். தாலி ஏறியது.

தளவாய் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஜெயக்கொடி ஆரத்தித் தட்டோடு வளைவின் உட்பக்கம் நின்றாள். ஆவுடை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், பிரமசக்தி போ போ என்று கையைக் காட்டினாள். தளவாய் வலது காலை எடுத்து வைத்தான். மூக்கில் இடித்து, பின்னால் சாய்ந்து, தலைப்பாகை கழன்று விழுந்தது.

உள்ளே ஊரே சிரிப்பது தெரிந்தது. மாப்பிள்ளை வெட்கத்தில் வழிதவறிவிட்டான் என்று நினைத்தார்கள். அவன் தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி வந்தான், மறுபடி இடித்தது. பொறந்ததிலிருந்து ஓடியாடின வீட்டுக்குள் போக முடியாதவன்போல, இரண்டு கையாலும் அந்த ஒன்றுமில்லாததைத் தடவிக்கொண்டு நின்றான். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. முதலில் விளங்கியது அண்ணாச்சிக்குத்தான். காலமெல்லாம் தலைக்கட்டு எண்ணின மனுஷன் அல்லவா? நாற்காலியிலிருந்து எழுந்து வளைவைத் தாண்டி வெளியே வந்து, "தாலி கட்டிட்டான்லா, இனி அவன் அப்பன் கணக்குல வரமாட்டான். புதுத் தலைக்கட்டுவே அவன், அதுக்கு மேப்பு கிடையாதே" என்றார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டிலும் கல்யாணத்துக்குப் பையன்கள் நின்றார்கள்.

சேதி வளைவுக்குள் போக, உள்ளே ஒவ்வொரு அம்மாவும் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனையும் மகளையும் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு இவன், தை பிறந்தால் என் மகள், அடுத்து என் மகன். ஒரு தாலி ஏற ஏற ஒரு பிள்ளை வெளியே, கடைசியில் உள்ளே கிழடு கட்டைகளும் கடலும்தான் மிஞ்சும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிட்டது.

ஜெயக்கொடி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தாள். அவளுக்கு அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை, கை சும்மா வெளியே வந்தது. வெளியிலிருந்து மகன் வைத்த கை மட்டும் வளைவோடு நின்றது. பிரமசக்தி பந்தற்காலை விட்டு முன்னால் வந்தாள். இத்தனை மாசமாக அதே இடத்தில் கை வைத்து நின்றவளுக்கு, அந்தப் பையன் தடவிக்கொண்டே நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் கையை எடுத்து, ஆவுடையின் கையோடு சேர்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல காரியத்தில் அவள் கை முன்னால் வந்ததை அங்கே யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மைனி" என்று கூப்பிட்டாள் ஜெயக்கொடி. தலையை மட்டும் வளைவுக்கு வெளியே நீட்டியிருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "எத்தன நாளா இங்கன இப்படி நின்னிய. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா வெளிய வந்திருப்பியளா மைனி?"

ஜெயக்கொடி திரும்பி ஒருதடவை கப்பலையும் தண்ணீரையும் பார்த்தாள், மேல் மச்சு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளைவைத் தாண்டி, காலில் செருப்பில்லாமல் அந்தக் கொதிக்கிற தார்ரோட்டில் வந்து மகன் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மூக்காண்டியின் பெண்டாட்டி எழுந்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்து, பந்தியில் போட்டிருந்த இலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வெயிலு ஜாஸ்தி மைனி" என்றாள் பிரமசக்தி. "முந்தானையத் தலையில போட்டுக்கிடுங்க."